சுவான் அக்காவுக்குத் தெரியாத புதன்கிழமை

மலேசியாவின் தைப்பிங் ஊரில் பிறந்தவர்கள், இறந்தவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது யோ கைக் சுவானின் கையைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். முப்பத்தொரு வருஷம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முதல் கவுண்ட்டர் அவருடையது. இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் சரியாக எழுதப்பட்டிருப்பது தன் புண்ணியம் என்று சொல்வார். மீதிப் பேர் தான் லீவு போட்ட நாளில் பிறந்தவர்களாம்.

எங்களுக்கு அவர் சுவான் அக்கா. எழுபத்தொரு வயது. ஆண்பிள்ளை மாதிரிக் கத்தரித்த நரைமுடி, கை வைத்த பூப்போட்ட சட்டை, மணிக்கட்டில் ஒரு பழைய ஆண்கள் கடிகாரம். அப்பா கோலா செப்பெத்தாங்கில் கரிச்சூளையில் வேலை பார்த்தவர். ஒரே தம்பி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்துவிட்டான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டார், அம்மா போன பிறகு அசாம் கும்பாங்கில் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டார். அவரைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற வருஷம் அக்காதான் வாசகர் வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார். வட்டம் என்றால் நாலு பேர். அக்கா, பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த ஹஸ்னா, ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்த குர்மித் சிங், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த தவமணியாகிய நான். மாதம் ஒரு நாவல், ஒரு மாதம் மலாய், ஒரு மாதம் ஆங்கிலம்; எங்களுக்குள் பேச்சு மலாய்தான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முறை வைத்து ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. வீட்டுக்காரர் சோறு வடிக்க வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். ஹஸ்னாவுக்குப் பன்றி ஆகாது, எனக்கு மாடு ஆகாது, குர்மித்துக்கு முட்டைகூட ஆகாது. ஆகவே பதினோரு வருஷமாக நாங்கள் உலகத்தில் உள்ள எல்லாக் காய்கறியையும் தின்று தீர்த்துவிட்டோம்.

எங்கள் வட்டத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பழக்கம் உண்டு. நாலு பேருக்கும் ஒரே ஒரு பிரதி. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தகக் கடையில் வாங்குவோம். ஆளுக்கு ஒரு வாரம். முதல் வாரம் அக்கா, அடுத்து ஹஸ்னா, அப்புறம் நான், கடைசியில் குர்மித். கையில் பென்சில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அது அக்கா கொண்டுவந்தது. அவர் அச்சுப் பிழைகளைத் திருத்துவார். கதாநாயகி விஷம் குடித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலும் அக்கா ஒரு கமாவைச் சரி செய்திருப்பார். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் ஹஸ்னா ஒரு நாள் ஏதோ வேடிக்கையாக எழுதினாள், அதற்கு நான் பதில் எழுதினேன், குர்மித் ஒரு படம் போட்டார். அப்படியே ஓரமெல்லாம் எங்கள் பேச்சு நிறைய ஆரம்பித்தது. எல்லாம் முடிந்ததும் குர்மித் உட்கார்ந்து ரப்பரால் அழித்து, நூலகத்தில் இலவசமாக எடுத்துப்போகும் அலமாரியில் புத்தகத்தை வைத்துவிடுவார். அழிக்க வேண்டும் என்பதும் அக்கா போட்ட சட்டம்தான். நம் மனதில் ஓடியது ஊரான் கைக்குப் போகக் கூடாதாம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கா முதல் ஆள். அவர் கைக்கு வரும்போது ஓரமெல்லாம் வெள்ளை. நாங்கள் எழுதியது எதுவும் அவர் கண்ணில் பட வழியே இல்லை. மனிதர்களுக்கு இப்படி ஒரு வசதி கிடைத்தால் என்ன செய்வார்கள்? நாங்களும் அதைத்தான் செய்தோம். கதையில் வாயாடி ஒருத்தி வந்தால் ஓரத்தில் ‘நம்ம அக்கா’ என்று எழுதுவோம். குர்மித் எழுத மாட்டார், ஒரு ஒலிபெருக்கி வரைந்து அதற்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுவார்.

ஏனென்றால் அக்கா பேசுவார். அதை எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரை அவர் குரல் ஒன்றுதான். புத்தகத்தில் ஆரம்பித்து, அச்சகத்துக்குப் போய், அச்சகத்துக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் வீட்டில் பிறந்த மூன்றாவது பிள்ளைக்கு வைத்த பெயருக்குப் போய், அந்தப் பெயரின் எழுத்துக்கு வந்து நிற்பார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால், “இரு, முடிச்சிடறேன்,” என்பார். முடிக்க மாட்டார். போப்பியா செய்கிற அன்றைக்கு ஆளாளுக்கு அப்பத்தை எடுத்து, காயை வைத்து, தாங்களே சுருட்டிக்கொள்வதுதானே முறை? அக்கா வீட்டில் அது கிடையாது. எங்களுக்குச் சுருட்டத் தெரியாதென்று அவரே எல்லாருக்கும் சுருட்டித் தருவார், சுருட்டிக்கொண்டே பேசுவார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவல் படித்தோம். தாய் இறக்கும்போது பக்கத்தில் இல்லாமல் போன ஒரு மகளின் கதை. ஹஸ்னா மெக்காவில் இருந்தபோதுதான் அவள் அம்மா இறந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹஸ்னா எதையோ சொல்ல வேண்டும் என்று தயாராக வந்திருந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு முறை ஆரம்பித்தாள். இரண்டு முறையும் “இரு, முடிச்சிடறேன்”. திரும்பும்போது என் காரில் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பின்சீட்டில் குர்மித். ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் தேநீர்க்கடையில் நிறுத்தித் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அங்கே உட்கார்ந்து அவள் அம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னாள். நாங்கள் கேட்டோம். அடுத்த புதன்கிழமையும் அங்கே போனோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. புதன்கிழமை நாலு மணி, மூன்று பேர், மூன்று தேநீர். அக்காவுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்று யாரும் முடிவெடுக்கவும் இல்லை, சொல்லாமலே நாலு வருஷம் ஓடிவிட்டது.

சில மாதங்களுக்கு முன்னால் அக்காவின் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மூன்று வாரம் எதையும் படிக்கக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த மாதம் தன்னை விட்டுவிடும்படி அக்கா எங்களிடம் சொல்லிவிட்டார். ஆனால் அந்த மாதச் சாப்பாட்டு முறை அவருடையது, அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. படிக்காவிட்டாலும் சமைக்க ஒரு கண் போதும் என்றார்.

அந்த மாதப் புத்தகம் மலைவாசத்தலம் ஒன்றில் தங்கும் விடுதி நடத்தும் ஒருத்தியின் கதை. அவளும் ஓயாமல் பேசுவாள். எங்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. அக்கா படிக்கப் போவதில்லை என்று வேறு தெரிந்துவிட்டதால் பென்சிலுக்குக் கடிவாளமே இல்லை. பண்டிகையன்று விடுதிக்காரி பெரிய விருந்து சமைத்து வைத்துக் காத்திருக்க, தங்கியிருப்பவர்கள் எல்லாரும் அவள் பேச்சுக்குப் பயந்து பின்வாசல் வழியாக வேறு இடத்துக்குச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஹஸ்னா, ‘இதைப் புதன்கிழமை பேசலாம், ஞாயிற்றுக்கிழமை வாய் திறக்க முடியாது’ என்று எழுதியிருந்தாள். அதன் கீழே நான் எழுதினேன்: ‘நம் அக்காவும் இதேதான். இந்த மாதச் சாப்பாடு இல்லாவிட்டால் அந்த வீட்டு வாசலை யார் மிதிக்கப் போகிறார்கள்? அவருக்குப் பேச ஒரு ஆளும் கிடையாது.’ எழுதி முடித்ததும் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே ஒரு திருப்தி. அதை ஒளிக்க விரும்பவில்லை. திருப்தியாகத்தான் இருந்தது.

கடைசி வாரம் வியாழக்கிழமை காலை குர்மித் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

“தவம், அக்கா இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க. என்னோட அடுக்குச் சட்டியத் திருப்பிக் குடுக்க வந்தாங்க. மேசையில புத்தகம் கெடந்துச்சு. கண்ணு நல்லா தெரியுது, ஞாயித்துக்கெழமைக்குள்ள படிச்சிடறேன்னு எடுத்துட்டாங்க.”

“அழிச்சிட்டியா?”

“அழிக்கலே. அதையும் சொன்னேன். நானே அழிச்சுக்கறேன்னுட்டாங்க.”

ஏன் கொடுத்தாய் என்று கத்தினேன். நீயாக இருந்தால் கொடுக்காமல் இருந்திருப்பாயா என்று அவர் கேட்டார். சுவான் அக்கா கையை நீட்டினால் இந்த ஊரில் யாரும் படிவத்தைக் கொடுக்காமல் இருந்ததில்லை.

ஹஸ்னாவுக்குச் சொன்னேன். அவள் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அக்கா வீட்டில் முதல் தடவை சாப்பிடப் போனபோது இவள் தயங்கியதை அக்கா பார்த்திருக்கிறார். அடுத்த முறை போனால் அடுப்பு, சட்டி, கரண்டி எல்லாம் புதிது. பழையதை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் பன்றி இறைச்சி சமைத்ததே இல்லை.

“பன்னி இல்லாம ஒரு சீன வீட்டுப் பொம்பள பதினோரு வருஷமா சமைக்கறாங்க, எனக்காக,” என்றாள் ஹஸ்னா. “சீனப் பெருநாளுக்குக்கூட வெளியில போய்த்தான் சாப்பிட்டுட்டு வருவாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. எல்லாத்தையும் பேசறவங்க இத மட்டும் பேசினதில்லே பாரு.”

அவள் சொன்னது என்னையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. என் வீட்டுக்காரர் இறந்தபோது மரணப் பதிவுக்கு நான் தனியாகத்தான் போனேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவர் பெயர் தப்பாக இருந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. கவுண்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள், அதாவது நம் சுவான் அக்கா, படித்துப் பார்த்து, இப்படியே பதிந்தால் இறந்தது வேறு ஆள் ஆகிவிடும் என்று சொல்லி, தானே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்து, இரண்டு மணி நேரம் நின்று திருத்தி வாங்கிக் கொடுத்தார். கதவு பூட்டும் நேரத்தில் வெளியே வந்து, சாப்பிட்டியா என்று கேட்டார். மூன்று நாளாக என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கஞ்சி வாங்கிக் கொடுத்தார். அந்த வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள் என்று எழுதியவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஏதாவது பொய் சொல்லிப் புத்தகத்தை வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். கேட்டுக்கு வெளியே நின்றால் ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடி, கையில் பூதக்கண்ணாடி. அதை எழுத்துக்கு மேல் வைக்காமல் ஓரத்தில் வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை. எப்போதும் படிக்கும்போதுகூட முணுமுணுப்பார். நான் மணியை அடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டது, குடை காரில் இருந்தும் எடுக்கத் தோன்றவில்லை. இனி அக்கா எங்களோடு பேச மாட்டார், வட்டமும் போச்சு, அதைவிட அந்த மனுஷி இனிமேல் யாருடனும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியோ, வராதே என்றோ அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. போகலாமா வேண்டாமா என்று மூன்று பேரும் காலையில் தொலைபேசியிலேயே இருந்தோம். நான் போகத்தான் போகிறேன் என்று ஹஸ்னா முடிவாகச் சொன்னாள். சமைத்து வைத்துவிட்டு அவர் காத்திருந்தால், நாமும் பின்வாசல் வழியாகப் போனவர்களாகத்தான் ஆவோம் என்றாள். நான் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும், ஹஸ்னா அன்னாசிப் பச்சடியும், குர்மித் பருப்பும் எடுத்துக்கொண்டு போனோம்.

அக்கா கதவைத் திறந்தார். கண்மூடியை எடுத்துவிட்டார், கண் மட்டும் சிவந்திருந்தது. உள்ளே வரச் சொன்னார், செருப்பை மழையில் விடாமல் உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். அதற்கு மேல் பேச்சு இல்லை. மேசையில் போப்பியா. அடுக்காக அப்பம், வதக்கிய செங்குவாங் கிழங்கு, பொரித்த தவ்வு என்னும் சோயாக் கட்டி, பொடித்த கடலை, மிளகாய் அரைப்பு, எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். நாங்கள் உட்கார்ந்தோம். அக்கா சுருட்டித் தருவார் என்று காத்திருந்தோம். அவர் தன் தட்டில் ஒரு அப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எடுத்துக்கொள்ளும்படி எங்களைக் கையால் காட்டினார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக நாங்கள் போப்பியா சுருட்டினோம். என்னுடையது பிரிந்து மடியில் விழுந்தது. குர்மித்துடையது நடுவில் கிழிந்து காயெல்லாம் வெளியே வந்தது. அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த வீட்டில் நாங்கள் மெல்லும் சத்தம் அதற்கு முன் எனக்குக் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டது.

தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு அக்கா உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஒரு பக்கத்தில் நூலிழை வைத்து அடையாளம் செய்திருந்தார். அதைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

“ஒன் கையெழுத்துதானே? கண்ணு இன்னும் கூசுது. படிச்சுக் காட்டு.”

அக்கா காத்திருந்தார். கவுண்ட்டரில் எத்தனை பேரை இப்படிக் காத்திருந்து பார்த்திருப்பார். வேறு வழியில்லாமல் நான் எழுதியதை நானே வாய்விட்டுப் படித்தேன். நம் அக்காவும் இதேதான். அந்த வீட்டு வாசலை யார் மிதிக்கப் போகிறார்கள். அவருக்குப் பேச ஒரு ஆளும் கிடையாது. எழுதும்போது இருந்த சாமர்த்தியமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் கீழே, நேராக நிற்கும் அவர் கையெழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது.

“அதையும் படி,” என்றார் அக்கா.

“‘உண்மை’னு எழுதியிருக்கீங்க.”

“உண்மைதானே. நீ பொய் எழுதல. அதுக்கு நான் கோவிச்சுக்க முடியாது. எனக்குப் புரியாதது புதன்கெழமைதான். மூணு எடத்துல வருது. புதன்கெழமை என்ன?”

ஹஸ்னா தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். குர்மித் தலைப்பாகையைச் சரி செய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். நான்தான் சொன்னேன். மாமாக் கடை, நாலு மணி, நாலு வருஷம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹஸ்னாவின் அம்மா விஷயமாக அது தொடங்கியதையும் சொன்னேன். அக்கா ஹஸ்னாவைப் பார்த்தார்.

“நீ அன்னிக்கி அதச் சொல்லத்தான் வந்தியா?”

ஹஸ்னா தலையாட்டினாள்.

“நான் விடல,” என்றார் அக்கா. கேட்ட மாதிரி இல்லை, பதிவேட்டில் எழுதுகிற மாதிரி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அங்க நல்லா பேசுவீங்களா, புத்தகத்தப் பத்தி? நான் இல்லாம?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் எழுதிய அந்த வார்த்தை என் முன்னால் திறந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“புத்தகம் கொஞ்சந்தான் அக்கா. ஹஸ்னா அம்மா விஷயம் மொத வாரத்தோட முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் பாதி நேரம் ஒங்களப் பத்தித்தான் பேசுவோம்.”

குர்மித் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அது ரொம்பத் தாமதம். அக்காவின் சிவந்த கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது அறுவைச் சிகிச்சையால் வந்ததா வேறெதனாலா என்று எனக்குத் தெரியாது.

“அப்பிடின்னா என்னையும் கூப்பிட்டிருக்கலாமே,” என்றார். “என்னப் பத்தி எனக்கு இன்னும் நெறைய தெரியுமே.”

நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கேட்டதில் பாதி அழுகைதான். மன்னிப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எந்தக் கடை, எந்தப் பக்கம் உட்காருவீர்கள், அதைச் சொல் என்றார். சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை மூன்றரைக்கே நாங்கள் போய்விட்டோம். அக்கா எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நாலு தேநீருக்குச் சொல்லியிருந்தார். எங்களைப் பார்த்ததும், சரி, என்னைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன் என்றார். மூன்று பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு வருஷம் இதே மேசையில் அருவி மாதிரிக் கொட்டியவர்கள்.

கடைசியில் ஹஸ்னாதான், அக்காவை மலாய் முறையில் ‘காக்’ என்று கூப்பிட்டுக் கேட்டாள். “காக், ஏன் அவ்வளவு பேசறீங்க?”

அக்கா யோசித்தார். அப்புறம் சொன்னார். முப்பத்தொரு வருஷமும் கண்ணாடியில் இருந்த ஒரு வட்ட ஓட்டை வழியாகத்தான் பேச்சு. பெயர் என்ன, தேதி என்ன, இங்கே கையெழுத்துப் போடு. சந்தோஷத்தோடு வருகிறவனிடமும் அழுதுகொண்டு வருகிறவனிடமும் அதே மூன்று கேள்வி. வீட்டுக்குப் போனால் அம்மா. அம்மாவுக்குக் கடைசிப் பதினெட்டு வருஷம் காது சுத்தமாகக் கேட்காது. படிக்கவும் தெரியாது. சமைத்து எதிரில் வைப்பார், அம்மா சாப்பிடுவதைப் பார்ப்பார், விளக்கை அணைப்பார். சில நாள் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்வாராம். அம்மா சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருப்பார். யாராவது குறுக்கே பேசினால் அந்த வீட்டில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வாராம்.

“மொத ஞாயித்துக்கெழமை ஒங்க வீட்டுல, தவம், நீதான் கேட்ட. ‘நீங்க என்னக்கா நெனைக்கறீங்க’ன்னு. அப்பிடி என்னை யாரும் கேட்டதில்ல. ஆரம்பிச்சேன். அப்புறம் எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல. நிறுத்தினா மறுபடி கேப்பீங்களோ மாட்டீங்களோ.”

இடையில் பெய்த மழை விட்டு வெகுநேரம் ஆகியும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஆறு மணிக்குக் கடைக்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பிக்கும் வரை அக்காதான் பேசினார். அம்மாவைப் பற்றி, கரிச்சூளைப் புகை நாற்றம் அடித்த பள்ளிச் சட்டையைப் பற்றி, ஒரே நாளில் ஒரே குடும்பத்துக்குப் பிறப்பும் இறப்பும் பதிந்த காலையைப் பற்றி. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை, பேசத் தோன்றவும் இல்லை. நாலு வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்து அவரைப் பற்றி நாங்கள் பேசியதில் ஒன்றுகூட அதில் இல்லை.